எதிர்க்கட்சிகளும் தொகுதிப் பங்கீடும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வாக்குகள் சிதறக் கூடாது என்று எல்லா எதிர்க்கட்சிகளும் சொல்கின்றன. மக்களவைத் தேர்தல் நெருங்கும்போது மட்டும் ஏன் ஒன்றுசேர முடிவதில்லை?

பதில்: சிதறினால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. 2014-இல் பா.ஜ.க. 31 சதவீத வாக்குகளைப் பெற்றே 282 இடங்களை வென்றது. சிக்கல் டெல்லியில் இல்லை, மாநிலங்களில் இருக்கிறது. 2023 ஜூனில் பாட்னாவில் ஒன்றாக அமர்ந்து பேசிய திரிணமூலும் காங்கிரசும் இடதுசாரிகளும், மேற்கு வங்கத்தில் ஒருவரையொருவர் எதிர்த்தே கட்சி வளர்த்தவர்கள். அங்கே ஒரு தொகுதியை விட்டுக்கொடுப்பது என்றால், நேற்றுவரை யாரை எதிர்த்து உழைத்தார்களோ அவருக்கே வாக்குக் கேட்கும்படி சொந்தத் தொண்டர்களிடம் சொல்ல வேண்டும். பேச்சு முறிந்தது. மக்களவையில் காங்கிரஸ் குழுத் தலைவராக இருந்த அதிர் ரஞ்சன் சௌத்ரி, 2024-இல் பஹரம்பூரில் தோற்றது பா.ஜ.க.விடம் அல்ல, திரிணமூல் வேட்பாளர் யூசுப் பதானிடம். தனித்து நின்ற திரிணமூல் 42-இல் 29 இடங்களை வென்றதையும் பார்க்க வேண்டும்; சொந்த மாநிலத்தில் வலுவாக உள்ள கட்சி விட்டுக்கொடுக்க அவசியம் காண்பதில்லை.

உத்தரப் பிரதேசத்திலோ சமாஜ்வாதியும் காங்கிரசும் உடன்பாடு கண்டு, 80-இல் 43 இடங்களைப் பிடித்தன. அதுவும் 2024 பிப்ரவரி பிற்பகுதியில்தான், தேர்தல் அறிவிப்புக்குச் சில வாரங்களே இருக்கையில் முடிவாயிற்று. இந்தத் தாமதத்தையே நான் பெருங்குறையாகக் கருதுகிறேன். வேட்பாளர் யாரென்று தெரியாமல் வாக்குச்சாவடி முகவர்களை முடுக்கிவிட முடியாது.

கேள்வி: பிரதமர் வேட்பாளரை அறிவிக்காமல் தேர்தலைச் சந்திப்பது சரியா?

பதில்: 1977-இல் ஜனதா அப்படித்தான் வென்றது, மொரார்ஜி தேசாய் வெற்றிக்குப் பிறகே தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் அன்று நெருக்கடி நிலையின் மீதிருந்த கோபம் இருந்தது. அத்தகைய அலை இல்லாதபோது பெயரை முன்பே முடிவு செய்வதே நல்லது. மலேசியாவில் எதிர்க்கட்சிகள் 2018 ஜனவரியிலேயே மகாதீரை அறிவித்து, மே மாதம் வென்றன. துருக்கியில் ஆறு எதிர்க்கட்சிகள் அதிபர் வேட்பாளரை முடிவு செய்யாமல் 2023 மார்ச் வரை இழுத்தடித்தன; அவற்றில் ஒன்றின் தலைவரான மெரல் அக்ஷெனர், வேட்பாளர் தேர்வை எதிர்த்து வெளியேறி மூன்றே நாளில் திரும்பினார். மே மாதத் தேர்தலில் அந்தக் கூட்டணி தோற்றது.

கேள்வி: பணமும் எதிர்க்கட்சித் தலைவர்கள் மீதான வழக்குகளும் தடையில்லையா?

பதில்: பெரிய தடைதான். கட்சிகளுக்குப் பெயர் வெளியிடாமல் நிதி தர வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தின் நன்கொடையில் ஏறக்குறைய பாதி பா.ஜ.க.வுக்கே சென்றது. வழக்குகளின் தகுதியை நீதிமன்றங்கள் தீர்மானிக்கட்டும். தேர்தல் அறிவித்த பிறகு தலைவர்களைக் கைது செய்வதற்குத் தெளிவான வரையறை வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2024 மார்ச் 21 அன்று கைதான அப்போதைய டெல்லி முதல்வர் கேஜ்ரிவாலுக்கு, பிரசாரம் செய்ய உச்ச நீதிமன்றம் மே 10 அன்று இடைக்கால ஜாமீன் வழங்கியபோது, மூன்று கட்ட வாக்குப்பதிவு முடிந்துவிட்டிருந்தது.