ஊர் வரைபடத்தை அச்சடிக்கப் போகிறீர்களா? வாசகர் கேள்வி பதில்

எங்கள் ஊர்க் கண்மாய், வரத்துக்கால், மடைகள் எல்லாவற்றையும் கியூஜிஸ் மென்பொருளில் வரைந்து வைத்திருக்கிறேன். அக்டோபர் 2 கிராமசபையில் காட்டலாம் என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வேர்டில் ஒட்டி, பிடிஎஃப் ஆக்கி ஏ3 தாளில் அச்சடித்தேன். மடைகளின் பெயர்களைப் படிக்கவே முடியவில்லை. திரையில் பளிச்சென்று இருந்ததே?
(வாசகர், சிவகங்கை மாவட்டம்)

மடை மடையாகப் போய்க் குறித்து வந்த வேலை இப்படி மங்கிப்போகக் கூடாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் திரையில் அகலவாக்கில் 1920 புள்ளிகள் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். கணக்குப் போட்டால் அந்த ஸ்கிரீன்ஷாட் சுமார் 16 செ.மீ. அகலத்துக்குத்தான் தாங்கும், ஏ3 தாளோ 42 செ.மீ. இழுத்தால் மங்கத்தான் செய்யும். பிடிஎஃப் ஆக்கிவிட்டாலும் உள்ளே இருப்பது அதே படம்தான்.

கியூஜிஸிலேயே இதற்கு வழி இருக்கிறது. ப்ராஜெக்ட் மெனுவில் 'நியூ பிரிண்ட் லேஅவுட்' திறந்து, தாளின் மேல் வலது கிளிக் செய்து அளவை ஏ3 ஆக்குங்கள். அதில் வரைபடத்தைச் சேர்த்துவிட்டு, ஸ்கேல் என்ற இடத்தில் 5000 என்று நீங்களே தட்டுங்கள், அது தானாகப் போட்டுக்கொள்ளும் உதிரி எண்ணை விட்டுவைக்க வேண்டாம். 1:5000 என்றால் தாளில் 1 செ.மீ., தரையில் 50 மீட்டர். ஓரம் போக ஏறக்குறைய 2 கி.மீ. நீளம் தாளில் அடங்கும். கண்மாய் அதைவிடப் பெரிது என்றால் 10,000 போடுங்கள். அளவுகோல் பட்டையையும் மறக்காமல் சேர்த்துவிட்டு, லேஅவுட் மெனுவில் 'எக்ஸ்போர்ட் ஆஸ் பிடிஎஃப்' கொடுங்கள். இப்போது கரையும் கால்வாயும் கோடுகளாகவே கோப்புக்குள் போகும், எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது. எழுத்து பற்றிக் கேட்கும் இடத்தில் 'பாத்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். எழுத்துகளும் கோட்டு வடிவமாகிவிடும், ஜெராக்ஸ் கடைக் கணினியில் உங்கள் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டாலும் கொம்பும் காலும் இடம் மாறாது.

பின்னணியில் ஓபன்ஸ்ட்ரீட்மேப் (தன்னார்வலர்கள் சேர்ந்து வரைந்த இணைய வரைபடம்) போட்டிருந்தால் ஒரு சிக்கல் வரும். அது இணையத்திலிருந்து சின்னச் சின்னப் படத்துண்டுகளாக வருவது. எக்ஸ்போர்ட்டுக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கேட்டால் மென்பொருள் இன்னும் நெருக்கமான துண்டுகளைக் கொண்டுவந்து அடுக்கும், அதிலுள்ள தெருப்பெயர்கள் எறும்பு அளவுக்குச் சுருங்கிவிடும். அப்படி ஆனால் 150 அல்லது அதற்கும் கீழே குறைத்துப் பாருங்கள். நீங்கள் வரைந்த கோடுகளுக்கு அதனால் பெரிய பாதிப்பு இல்லை. அப்புறம், '© ஓபன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்' என்ற வரி தாளின் மூலையில் கட்டாயம் இருக்க வேண்டும். அது அவர்களுடைய உரிமத்தின் நிபந்தனை, நம்மைப் போல ஊர் ஊராக வரைந்தவர்களுக்குச் செய்யும் மரியாதையும்கூட.

1:5000 என்று போட்டு அச்சடித்த தாளில் ஸ்கேல் வைத்து அளந்தால் தூரம் குறைவாக வருகிறதே?

அச்சடிக்கும்போது 'ஃபிட் டு பேஜ்' இருந்திருக்கும். தாளின் ஓரத்துக்காக அது படத்தைச் சத்தமில்லாமல் சுருக்கிவிடும். தரையில் 500 மீட்டர் இருக்கும் கரை தாளில் 10 செ.மீ. வர வேண்டும், 9.4 வந்தால் 94 சதவீதமாகச் சுருங்கியிருக்கிறது என்று அர்த்தம். கடைக்காரரிடம் 'ஆக்சுவல் சைஸ்' போடச் சொல்லுங்கள், 50 தாள் எடுப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து அளந்துவிடுங்கள். பட்டையைச் சேர்க்கச் சொன்னதும் இதற்காகத்தான்: தாள் சுருங்கினால் பட்டையும் கூடவே சுருங்கும், அதை வைத்து அளந்தால் கணக்குத் தப்பாது. '1:5000' என்ற எழுத்துதான் பொய்யாகிவிடும்.

தூரம் குறையாமல் சற்றுக் கூடுதலாக வந்தால் ப்ராஜெக்டின் ஆயத்தொலை அமைப்பை, அதாவது உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரிக்கும் முறையை, பாருங்கள். இணைய வரைபடங்களின் வெப் மெர்கேட்டரில் (3857) இருந்தால் நம் பகுதியில் 1000 மீட்டர் ஏறக்குறைய 1015 ஆகத் தெரியும். சிவகங்கைக்கு யூடிஎம் 44 வடக்கு என்ற அமைப்பு (பட்டியலில் அதன் எண் 32644) சரி.

இந்த பிடிஎஃப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், வயலில் நிற்பவர் தான் எங்கே இருக்கிறார் என்று அதில் பார்க்க முடியுமா?

முடியும். எக்ஸ்போர்ட் செய்யும்போது 'ஜியோபிடிஎஃப்' என்ற பெட்டியை டிக் செய்யுங்கள், கியூஜிஸ் 3.10 முதல் அது இருக்கிறது. அட்சரேகை, தீர்க்கரேகை விவரம் கோப்போடு சேர்ந்து போகும். அவென்சா மேப்ஸ் போன்ற செயலியில் அதை ஏற்றிக்கொண்டால், சிக்னல் இல்லாத இடத்திலும் ஜிபிஎஸ் புள்ளி உங்கள் வரைபடத்தின் மேலேயே நகரும். ஆனால் கோப்பை டாக்குமென்டாகவே அனுப்புங்கள். பெறுகிறவர் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அடுத்தவருக்கு அனுப்பினால் இடவிவரம் போய்விடும், எழுத்தும் மறுபடி மங்கிவிடும்.