அட்டைப்பெட்டிக்கு எந்தப் பின்? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: வீட்டில் முறுக்கு சுட்டு விற்கிறோம். அஞ்சு பிளை (ஐந்து அடுக்கு) அட்டைப்பெட்டிக்கு அடியில் 35/15 ஸ்டேப்ளர் பின் எட்டு அடித்துத்தான் பஸ் பார்சலில் போடுகிறோம். இரண்டு முறை அடி திறந்து சரக்கு கொட்டிவிட்டது. பின் விற்றவர் பெட்டி மட்டம் என்கிறார், பெட்டிக்காரர் பின் மட்டம் என்கிறார். (வாசகி, மணப்பாறை)

பதில்: இரண்டுமே மட்டமாக இருக்க வேண்டியதில்லை அம்மா. ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை, அவ்வளவுதான். 35 என்பது பின்னின் அகலம், 15 என்பது காலின் நீளம், இரண்டும் மில்லிமீட்டரில். அஞ்சு பிளை அட்டை பெரும்பாலும் 6, 7 மி.மீ. தடிமன் வரும். அடியில் இரண்டு மடிப்பு ஒன்றன்மேல் ஒன்று விழுகிறது, ஆக 12 முதல் 14. பதினைந்து மி.மீ. காலில் மடங்குவதற்கு என்ன மிச்சம்? 18 மி.மீ. கால் உள்ள பின் வாங்குங்கள். உங்கள் மெஷினில் 18 ஓடுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், பல மெஷின்களில் இரண்டும் ஓடும். கையிருப்பில் உள்ள 15-ஐ மூணு பிளை பெட்டிக்கு வைத்துக்கொள்ளலாம்.

நான் வீடு மாறியபோது இதே பாடத்தைப் படித்தேன். மலிவாகக் கிடைத்ததென்று ஒரு கை மெஷினும் பின்னும் வாங்கி, புத்தகப் பெட்டிகளுக்கு நானே அடித்தேன். இரண்டாவது மாடிப் படியில் ஒரு பெட்டியின் அடி பிளந்தது. கவிழ்த்துப் பார்த்தால் பின்களின் கால்கள் மடங்கவே இல்லை, உள்பக்கம் முள் மாதிரி நேராக நின்றன. அன்றிலிருந்து எந்தப் பெட்டியானாலும் முதல் பின் அடித்ததும் டார்ச் அடித்து உள்ளே பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

கேள்வி: செம்பு நிறத்தில் இருக்கும் பின் துருப்பிடிக்காது என்று கூடுதல் விலை சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: உள்ளே இருப்பது இரும்புக் கம்பிதான், செம்பு மெல்லிய பூச்சு. ஈரமான கிடங்கு என்றால் துத்தநாகப் பூச்சு உள்ளதைக் கேளுங்கள்.

கேள்வி: சந்தையில் ஒருவரிடம் பின் அடிக்கும் மெஷின் வாங்கினேன். பில் இல்லை. இப்போது எந்தப் பின்னும் அதில் உட்காரவில்லை. அவர் போனை எடுப்பதில்லை. என்ன செய்ய?

பதில்: மெஷினில் என்ன எண் போட்டிருந்தது? எந்த வகைப் பின் போடலாம் என்று கேட்டீர்களா? ஒரு பின்னாவது போட்டு அடித்துக் காட்டச் சொன்னீர்களா? உங்கள் கடிதத்தில் எதற்கும் பதில் இல்லை. பில் இல்லாமல், ஊர் பேர் தெரியாதவரிடம், பார்க்காமல் வாங்கினால் நான் எந்தக் கதவைத் தட்டச் சொல்வது? பணம் போனில் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவையாவது அழிக்காமல் வைத்திருங்கள். இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய பெட்டியில் 5,000 பின் என்று அச்சிட்டிருக்கிறது. சரத்துக்கு 50 பின், மொத்தம் 84 சரம்தான் இருந்தது. சின்ன விஷயம், விட்டுவிடச் சொல்கிறார் கணவர். (வாசகி, சேலம்)

பதில்: விடாதீர்கள். 800 பின் குறைகிறது. ஆறு பெட்டி வாங்கினால் ஏறக்குறைய ஒரு பெட்டியே காணாமல் போகிறது. யாரும் எண்ண மாட்டார்கள் என்ற தைரியத்தில் செய்வது இது. நீங்கள் உட்கார்ந்து எண்ணியிருக்கிறீர்கள், பாராட்ட வேண்டும். எண்ணிக்கையில் விற்கும் பொட்டலத்தில் எத்தனை என்று அச்சிட வேண்டும், அச்சிட்டது உள்ளே இருக்கவும் வேண்டும். 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் சொல்வது இதைத்தான். மேலுறையைத் தூக்கிப் போடாமல், சரங்களைப் பத்துப் பத்தாக அடுக்கிப் படம் எடுங்கள். முதலில் விற்றவருக்கு எழுதுங்கள். அசையவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையுள்ள புகாருக்குக் கட்டணமே கிடையாது.

கேள்வி: பேக்கரியில் வாங்கிய மிக்சர் கவரைப் பிரித்து மகனுக்குக் கொடுத்தேன். வாயிலிருந்து ஒரு பின்னைத் துப்பினான். கடையில் கேட்டால், பார்த்துப் பிரிக்க வேண்டியதுதானே என்கிறார்கள். (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: குழந்தை துப்பினானே, அதுவே பெரிய நிம்மதி. தப்பு உங்களுடையது இல்லை. பின்னைப் பெட்டியின் அடியில் அடிக்கலாம், தின்பண்டத்தின் வாயில் அடிக்கக் கூடாது என்று எத்தனையோ முறை எழுதிவிட்டேன், இன்னொரு முறையும் எழுதுகிறேன். கவரை இழுத்துப் பிரிக்கும்போது பின் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஓமப்பொடிக்கு நடுவே விழுந்தால் கண்ணுக்குத் தெரியுமா? ரூபாய் நோட்டுக் கட்டில் பின் அடிக்காதீர்கள், தாள் பட்டை போடுங்கள் என்று 2001-லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவு போட்டது. நோட்டு கிழிகிறது என்பதற்காக. தேயிலைப் பையில் பின் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமும் சொல்லிவிட்டது. நோட்டுக்கும் தேயிலைக்கும் உள்ள காவல் ஒரு பிள்ளையின் தொண்டைக்கு வேண்டாமா? கவர் வாயைச் சூட்டில் ஒட்டும் சின்ன மெஷின் பெரிய விலை ஒன்றும் இல்லை. அதுகூட இல்லையென்றால் நூலால் கட்டிக் கொடுக்கட்டும். கவர், பின், பில் மூன்றையும் படம் எடுத்து மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். மணப்பாறை அம்மா, உங்கள் முறுக்கு கவருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கேள்வி: குழந்தைகள் உடை ஏற்றுமதிக்குப் பெட்டி கட்டுகிறோம். டேப் போதுமா, பின்னும் அடிக்க வேண்டுமா? (திருப்பூர்)

பதில்: பின் வேண்டவே வேண்டாம். உடைக்குள் ஊசி, உலோகத் துண்டு இருக்கிறதா என்று சோதிப்பவர்கள் வெளிநாட்டில் வாங்குபவர்கள். பெட்டியிலும் பின் கூடாது என்று பலர் ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார்கள். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் பெட்டிக்கு ஆர்டர் கொடுங்கள்.