காட்டுப்பன்றி வேட்டைக்காகப் பழைய ஜிப்சியை மாற்றியமைக்கலாமா?

கேள்வி: எழுமலைக்கு அருகே எங்களுக்கு ஆறு ஏக்கர் பட்டா நிலம் உள்ளது. நிலக்கடலையைக் காட்டுப்பன்றிகள் கிளறி அழிக்கின்றன. 1997ஆம் ஆண்டு மாருதி ஜிப்சி ஒன்றை வாங்கியுள்ளேன். லிஃப்ட் கிட் போட்டு உயர்த்தி, பெரிய டயர், புல் பார் (முன்பக்க இரும்புத் தடுப்பு), முன்புறம் தேடுவிளக்கு, பின்புறத்தை வெட்டி நின்று சுட ஒரு மேடை ஆகியவற்றை அமைத்து, தாத்தாவின் உரிமத் துப்பாக்கியுடன் பன்றி, முயல் வேட்டைக்குச் செல்ல எண்ணுகிறேன். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இதையெல்லாம் கேட்கமாட்டார்கள் என்கிறார் மெக்கானிக். சரிதானா?

பதில்: சரியல்ல. வண்டியை விட வேட்டைதான் உங்களுக்குப் பெரிய ஆபத்து என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு வேட்டையைத் தடை செய்கிறது; பொழுதுபோக்கு வேட்டைக்கு உரிமம் என்று ஒன்று இன்று கிடையாது. சுட்டுக் கொல்வது மட்டுமின்றி, விரட்டுவதும், பொறிவைப்பதும், அதற்கு முயல்வதும் வேட்டை என்றே அச்சட்டம் வரையறுக்கிறது. பன்றிக்கும் முயலுக்கும் விலக்கில்லை. தண்டனை 3 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பன்றியைத் துரத்திக்கொண்டு சாப்டூர்ப் பக்கம் சரணாலய எல்லைக்குள் நுழைந்து சுட்டுவிட்டால், குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை; அந்தக் காடு 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தில் அடங்கியது.

வேட்டைக்குப் பயன்பட்டதாகக் கைப்பற்றப்படும் வாகனம், 39ஆம் பிரிவின்படி அரசின் சொத்தாகிவிடும். குற்றம் நிரூபணமாகும் வரை அப்படிக் கொள்ள முடியாது என்றும், இடைக்காலத்தில் வண்டியை விடுவிக்க நீதித்துறை நடுவருக்கு அதிகாரம் உண்டு என்றும் உச்ச நீதிமன்றம் 2008இல் கூறியிருப்பது உண்மைதான். ஆனால் தேடுவிளக்கும் சுடும் மேடையும் பொருத்திய வண்டியைக் காட்டி, இது விவசாய வேலைக்கு என்று எந்த வழக்கறிஞர் வாதாடினாலும் நடுவர் நம்பமாட்டார். நானும் அந்த வழக்கை விரும்பி எடுக்கமாட்டேன். துப்பாக்கி உரிமமும் தாத்தாவின் பெயரில்தான் இருக்கிறது. அது உங்கள் கையில் இருந்தால் ஆயுதச் சட்டப்படி தனி வழக்கு வரும்.

இனி வண்டி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி.யிலுள்ள (பதிவுச் சான்றிதழிலுள்ள) விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதைக் கண்டிப்புடன் உறுதிசெய்தது. மீறும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். உடலை வெட்டிய மேடை இதில் நேராக வந்து விழும். உயரத்தை மாற்றும் லிஃப்ட் கிட்டையும் தவிர்ப்பதே நல்லது. புல் பார் 2017 டிசம்பரில் மத்திய அரசின் உத்தரவால் தடைசெய்யப்பட்டது. முன்பக்கத் தேடுவிளக்குக்கு, அபூர்வமான சூழ்நிலையில் பதிவு அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். வேட்டைக்கு என்று யாரும் அதைத் தரமாட்டார்கள்.

எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்வது, நான்கு சக்கர இயக்கத்தின் கியரையும் ஹப்பையும் பழுதுபார்ப்பது, தேய்ந்த லீஃப் ஸ்பிரிங்கை அதே அளவில் மாற்றுவது, உற்பத்தியாளர் குறித்த அளவிலேயே மட் டயர் போடுவது ஆகியவை வெறும் பராமரிப்புதான். மண்சாலையில் தோட்டத்துக்குப் போய்வர, நல்ல நிலையிலுள்ள ஜிப்சிக்கு இவையே போதும் என்பது என் கருத்து.

பன்றிக்கு வழி இல்லாமல் இல்லை. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள பட்டா நிலத்தில் புகும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்றும், 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடவேண்டும் என்றும் தமிழக அரசு 2025 ஜனவரியில் முடிவெடுத்தது. உங்கள் நிலம் எந்தத் தொலைவில் வருகிறது என்று கண்டறிந்து, சேதத்தின் புகைப்படங்களுடன் வனச்சரகருக்கு எழுத்து மூலம் மனு கொடுங்கள்; பயிரிழப்பீட்டுக்கும் அதே கையோடு விண்ணப்பியுங்கள்.

1997ஆம் ஆண்டு வண்டி என்பதால் ஆர்.சி.யை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். அப்போது மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைச் சுற்றிப் பார்ப்பார். முந்தைய உரிமையாளர் ஏதாவது கூடுதலாகப் பொருத்தியிருந்தால் அதற்கு முன்பே கழற்றிவிடுங்கள்.