பம்பலப்பிட்டி என்று சொல்ல வராததால் வெள்ளவத்தைக்குச் சீட்டு

கேள்வி: எனக்கு வயது 27. கொழும்பு, புறக்கோட்டையிலுள்ள ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். சிறு வயதிலிருந்தே திக்குவாய் உண்டு. தொலைபேசியில் என் பெயரைச் சொல்வதற்குள் வியர்த்துவிடுகிறது. பஸ்ஸில் ‘பம்பலப்பிட்டி’ என்ற சொல் வராததால், அதைத் தாண்டியுள்ள வெள்ளவத்தைக்குச் சீட்டு வாங்கிப் பம்பலப்பிட்டியில் இறங்குகிறேன். இதற்கு மருந்து உண்டா?

மருத்துவர் பதில்: திக்குவாயை நீக்கும் மருந்து இதுவரை இல்லை. நாவில் வசம்பு தேய்ப்பதும் அதைத் தீர்ப்பதில்லை. சிறு வயதில் திக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் வளரும்போதே சரியாகிவிட, வளர்ந்தோரில் ஏறத்தாழ நூறு பேருக்கு ஒருவரிடம் அது நிலைத்துவிடுகிறது. பேச்சின் நேர ஒழுங்கை மூளை அமைக்கும் விதத்திலுள்ள வேறுபாடும் பரம்பரையும் இதற்கு அடிப்படை. பதற்றம் அதைக் கூட்டுமே தவிர, உண்டாக்குவதில்லை.

நீங்கள் வாங்கும் வெள்ளவத்தைச் சீட்டைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. வராத சொல்லுக்குப் பதிலாக வேறொன்றைச் சொல்லித் தப்பும் ஒவ்வொரு முறையும் அந்தச் சொல்லின் மீதுள்ள அச்சம் வளர்கிறது. பெயருக்கு மாற்றுச் சொல் கிடையாது என்பதால்தான் திக்குவாய் உள்ள பலர் தம் பெயரிலேயே மாட்டிக்கொள்கிறார்கள்.

‘ப’ என்னும் ஒலிக்கு உதடுகள் மூட வேண்டும். நீங்கள் அவற்றை இறுக்கி மூடுவதால் மூச்சு அதற்குப் பின்னால் அடைபட்டு நிற்கிறது. உதடுகள் பட்டும் படாமலும் தொட, மூச்சை மெல்ல வெளியே விட்டபடியே முதல் அசையைச் சற்று நீட்டி, ‘பஅம்பலப்பிட்டி’ என்பதுபோலச் சொல்லிப் பழகுங்கள். நடுவில் அடைத்துக்கொண்டால் முட்டித் தள்ளவோ, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கவோ வேண்டாம். அந்த ஒலியிலேயே நின்று, இறுக்கத்தைத் தளர்த்தி, மெதுவாக வெளியே வாருங்கள். முதலில் வீட்டில் ஒருவரிடமும், பிறகு கூட்டம் குறைந்த நேரத்தில் கண்டக்டரிடமும் சொல்லிப் பாருங்கள். சில வேளைகளில் வேண்டுமென்றே ஒரு சொல்லில் திக்கிக் காட்டுவதும் நல்ல பயிற்சி. கேட்பதற்கு விசித்திரமாக இருந்தாலும், மறைக்க வேண்டும் என்ற பாரத்தை அது குறைக்கிறது.

தொலைபேசியில் நீங்கள் மௌனமானால் இணைப்பு அறுந்துவிட்டதென மறுமுனையில் இருப்பவர் எண்ணிவிடலாம். ஆகவே, “எனக்குப் பேச்சு சற்றுத் திக்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். கடை திறக்கும் நேரத்தை விசாரிப்பது போன்ற, பிழைத்தாலும் நட்டமில்லாத அழைப்புகளை நாளுக்கு ஒன்றாக நீங்களே எடுங்கள். உங்கள் சொற்களை முடித்துத் தரவோ, “மெதுவாகப் பேசு” என்று சொல்லவோ வேண்டாமென வீட்டாரிடமும் சக ஊழியரிடமும் கேட்டுக்கொள்ளலாம். அவர்கள் உதவுவதாகவே எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

இவற்றைத் தனியே செய்வதைவிட ஒரு பேச்சு சிகிச்சையாளரின் வழிகாட்டலில் செய்வது சிறந்தது. உங்கள் குடும்ப வைத்தியரிடம் கடிதம் பெற்று அரச வைத்தியசாலையொன்றின் பேச்சு சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். தமிழில் பயிற்சி வேண்டுமென்பதை நாள் குறிக்கும்போதே தெரிவித்துவிடுங்கள்.