மகள் லேசர் பக்கம் போகிறேன் என்கிறாள்: ஒரு தாய்க்குப் பதில்

அம்மா, "எஞ்சினியரிங் கிடைக்காவிட்டால் பௌதிகம் படித்து லேசர் பக்கம் போவாளாம், இது சோறு போடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போடும். ஆனால் கொழும்பில் அந்தப் பெயரில் வேலை விளம்பரம் தேடினால் ஏமாந்துபோவீர்கள். தகடு வெட்டும் இயந்திரங்களையும் கண் சிகிச்சைக் கருவிகளையும் பராமரிக்கிறவர்களிடம்தான் இந்த வேலை இருக்கிறது.

அவர்கள் பார்க்கும் முக்கியமான எண் எம் ஸ்குவயார் (M²). லேசர் கற்றையை எவ்வளவு சிறிதாகக் குவிக்கலாம் என்பதை அது சொல்லும். குறையில்லாத கற்றைக்கு 1. அலைநீளம் 1064 நானோமீற்றர், கற்றை விட்டம் 5 மி.மீ., வில்லையின் குவியத் தூரம் 100 மி.மீ. என்று வையுங்கள். எம் ஸ்குவயார் 1 என்றால் புள்ளியின் விட்டம் 27 மைக்ரோமீற்றர். 2 என்றால் 54. செறிவு காற்பங்காகிவிடும், தகடு அடிவரை வெட்டுப்படாது. கடைக்காரர் வலுவைக் கூட்டச் சொல்லி நிற்பார். குறை வலுவிலா கற்றையிலா என்று அளந்து காட்டுகிறவருக்குத்தான் அங்கே மதிப்பு.

மகளுக்கு இது பிடிக்குமா என்று பாடசாலை ஆய்வுகூடத்திலேயே பார்க்கலாம். 633 நானோமீற்றர் ஹீலியம்-நியோன் லேசர், 0.8 மி.மீ. கற்றை, 200 மி.மீ. வில்லை, முன்வில்லை கழற்றிய வெப் கமரா இருந்தால் எம் ஸ்குவயாரை அளக்கலாம். புள்ளி ஏறத்தாழ 0.2 மி.மீ., ரேலி நீளம் (குவியத்திலிருந்து கற்றையின் பரப்பு இருமடங்காகும் தூரம்) 5 செ.மீ. குறைந்தது பத்து இடங்களில் அகலத்தை அளக்க வேண்டும்: பாதி, குவியத்துக்கு இருபுறமும் 5 செ.மீ.க்குள், மீதி, 10 செ.மீ.க்கு அப்பால். கிட்டத்தில் மட்டும் அளந்தால் விரிவுக்கோணம் பிடிபடாது, தூரத்தில் மட்டும் அளந்தால் இடை, அதாவது கற்றை மிக ஒடுங்கும் இடம், பிடிபடாது. கற்றையை அளப்பதற்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 11146 கேட்பதும் இதைத்தான்.

பிழை வருவது பெரும்பாலும் கமராவில். ஒளி கூடி, கற்றையின் நடுப்பகுதி கமராவின் எல்லையில் வெட்டுப்பட்டால் கற்றை உள்ளதைவிட அகலமாகத் தெரியும். கமராவுக்கு முன் ஒளி குறைக்கும் வடிகட்டி வேண்டும். அகலக் கணக்கில் மையத்திலிருந்து உள்ள தூரம் வர்க்கமாகப் பெருகுவதால், ஓரத்துச் சிறு வெளிச்சமும் விடையை ஊதிவிடும். லேசரை மறைத்து ஒரு இருட்டுப் படம் எடுத்துக் கழிக்க வேண்டும், அளவுக்கு மேல் கழித்தால் கற்றை சுருங்கிவிடும். தெருவோரப் பச்சைப் பொயின்ரர் வேண்டவே வேண்டாம். சிலவற்றில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் கசியும்.

சான்றிதழ் வகுப்புகளுக்கு இப்போதே காசு கட்டாதீர்கள். உயர்தரத்தில் இணைந்த கணிதத்தைக் கவனமாகப் படிக்கட்டும், பைதன் கணினி மொழி பழகட்டும். பட்டத்துக்குப் பிறகு ஜேர்மனியின் ஜெனா நகரில் ஒளியியல் முதுகலையை ஆங்கிலத்திலேயே படிக்கலாம்.

அளந்த எம் ஸ்குவயார் 0.9 என்று வந்தால் அவள் என்ன செய்கிறாள் என்று பாருங்கள். எந்தக் கற்றையும் 1க்குக் கீழே போகாது. இருட்டுப் படத்தை மறுபடி எடுக்கப் போனாள் என்றால், பல்கலைக்கழக விண்ணப்பத்தில் பௌதிக விஞ்ஞானத்தை மேலே போடச் சொல்லுங்கள்.