ஹைட்ராலிக் பிரேக் உரசுகிறது, லீவரும் கைப்பிடி வரை அழுந்துகிறது: ஆயில் மாற்றினால் போதுமா?

மவுண்டன் பைக்கின் முன் டிஸ்க் உரசிக்கொண்டே இருக்கிறது, லீவரும் மெத்துமெத்தென்று கைப்பிடி வரைக்கும் வந்துவிடுகிறது என்கிறீர்கள். இது ஒரு கோளாறு அல்ல, இரண்டு. உரசலுக்கும் ஆயிலுக்கும் பெரும்பாலும் சம்பந்தமே கிடையாது. அதனால் ஆயில் பாட்டிலைக் கடைசியில் எடுங்கள்.

கேபிள் பிரேக்கில் கம்பியை இறுக்க ஒரு திருகு இருக்கும். ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக்கில் அந்த வேலையை, பேட்டை (டிஸ்கைக் கவ்வும் உராய்வுத் துண்டை) தள்ளுகிற பிஸ்டனே பார்த்துக்கொள்கிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் லீவரை அழுத்தும்போது வளைந்துகொடுக்கும், விட்டதும் நிமிர்ந்து பிஸ்டனைத் துளி பின்னுக்கு இழுக்கும். பேட் தேயத் தேயப் பிஸ்டன் சீலில் வழுக்கி முன்னால் வந்து நின்றுகொள்ளும். பேட்டுக்கும் டிஸ்குக்கும் நடுவே இருக்கிற மயிரிழை இடைவெளி அந்தச் சீல் தருவதுதான். லீவரில் இருக்கும் ரீச் திருகு, லீவர் விரலுக்கு எட்டும் தூரத்தை மட்டும்தான் மாற்றும். அதைத் திருகிப் பிரேக்கைச் சரிசெய்ய முடியாது.

முதலில் உரசல். பைக்கைத் தரையில் நிறுத்தி சக்கரத்தின் அச்சான ஆக்ஸிலைத் தளர்த்தி, சக்கரத்தை நன்றாக உட்காரவைத்துத் திரும்ப இறுக்குங்கள். பல உரசல்கள் இங்கேயே முடிந்துவிடும். பிறகு சக்கரத்தைச் சுழற்றிக் காது கொடுங்கள். ஒரு சுற்றுக்கு ஒரு முறை மட்டும் 'ஷ்ஷிக்' என்றால் டிஸ்க் வளைந்திருக்கிறது. பேட்டும் பிஸ்டனும் உள்ளே இருக்கும் காலிப்பரை எவ்வளவு நகர்த்தினாலும் போகாது. விடாமல் உரசினால் காலிப்பர் நடுவில் இல்லை. அதன் இரண்டு போல்ட்டுகளையும் காலிப்பர் லேசாக அசையும் அளவுக்கு மட்டும் தளர்த்தி, லீவரை அழுத்திப் பிடித்தபடி மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒன்றை முழுக்க முறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனால் காலிப்பரும் சேர்ந்து திரும்பிவிடும். ஷிமானோ பிராண்ட் பிரேக்கில் இந்தப் போல்ட்டுகளுக்கு 6 முதல் 8 நியூட்டன் மீட்டர் இறுக்கம். அப்படியும் உரசினால், பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து இரண்டு பக்க இடைவெளியையும் பார்த்துக் கையாலேயே நகர்த்துங்கள். எனக்கு இதுதான் அதிக நம்பிக்கை தரும் வழி.

இவ்வளவு செய்தும் டிஸ்க் ஒரு பக்கமே தள்ளப்படுகிறது என்றால், ஒரு பிஸ்டன் அழுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பலர் தாண்டிப்போகிற கட்டம் இது. சக்கரத்தையும் பேட்டுகளையும் கழற்றிவிட்டு லீவரை மெல்ல அழுத்திப் பாருங்கள். ஒன்று சட்டென்று வரும், இன்னொன்று நகராது. வருகிற பிஸ்டனைப் பிளாஸ்டிக் டயர் லீவரால் தடுத்துப் பிடித்து, சோம்பேறிப் பிஸ்டனைச் சற்றே வெளியே வரவிடுங்கள். அதிகம் வந்தால் தெறித்து விழுந்துவிடும், ஜாக்கிரதை. பஞ்சு சுற்றிய குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டுப் பக்கங்களைத் துடைத்து, அந்த பிரேக்கில் ஓடுகிற அதே ஆயிலில் ஒரு துளி தடவி உள்ளே தள்ளுங்கள். நாலைந்து தடவை இப்படி உள்ளே வெளியே ஓடவிட்டால் பெரும்பாலும் சமமாக நகர ஆரம்பித்துவிடும். மிச்ச ஆயிலைத் துடைத்த பிறகுதான் பேட்டை மாட்ட வேண்டும்.

அப்புறம் லீவர். படபடவென்று சில முறை அழுத்தினால் கெட்டியாகிறதா? அப்படியென்றால் பெரும்பாலும் காற்று புகுந்திருக்கிறது. பேட்டையும் பாருங்கள், ஷிமானோவில் உராயும் பகுதி 0.5 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். பைக்கைத் தலைகீழாக நிறுத்தும் பழக்கம் உண்டா? லீவரோடு சேர்ந்த ஆயில் தொட்டியான ரிசர்வாயரில் இருக்கும் காற்று குழாய்க்குள் போக அது ஒன்றே போதும். நேராக நிறுத்தி, ராத்திரி முழுக்க லீவரை ரப்பர் பேண்டால் கட்டிவைத்தால் சில குமிழிகள் மேலே ஏறிவிடும். ஆனால் அது தற்காலிகம்தான், ப்ளீட் செய்வதே, அதாவது ஆயிலை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றுவதே தீர்வு.

ப்ளீட் செய்யும் முன் ரிசர்வாயர் மூடியில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். ஷிமானோ, மகுரா, டெக்ட்ரோவுக்கு மினரல் ஆயில். ஹோப்புக்கு டாட் ஃப்ளூயிட் என்கிற வேறு வகை பிரேக் திரவம். ஸ்ராமில் பல மாடல்களுக்கு டாட் 5.1, மேவன் போன்ற புதியவற்றுக்கு மினரல் ஆயில். பிராண்டை வைத்து ஊகிக்க வேண்டாம். மாற்றி ஊற்றினால் சீல்கள் ஊதிக் கெடும். டாட் 5.1 இல்லையே என்று டாட் 5 வாங்காதீர்கள், அது சிலிக்கான், வேறு சரக்கு. பேட்டைக் கழற்றி ப்ளீட் பிளாக்கை (பிஸ்டன் வெளியே வராமல் தடுக்கும் கட்டையை) வைத்த பிறகே ஆயிலைத் தொடுங்கள். பேட்டில் ஆயில் ஊறிவிட்டால் அடுப்பில் சுட்டு மீட்கலாம் என்பார்கள். என்னைக் கேட்டால் தூக்கிப்போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கள்.

வேலை முடிந்ததும் லீவரை அரை நிமிடம் இறுக்கிப் பிடித்திருங்கள். மெல்ல மெல்ல உள்ளே இறங்கினாலோ, காலிப்பர் ஓரம் ஈரமாக இருந்தாலோ கசிவு இருக்கிறது, ஓட்டக்கூடாது. அப்படி இல்லையென்றால், பைக்கைத் தள்ளிக்கொண்டே முன் பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள். பின் சக்கரம் தூக்க வேண்டும். புது பேட் என்றால் இந்தச் சோதனையை உடனே செய்யாதீர்கள். மிதமான வேகத்தில் போய், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் வேகத்தைக் குறைப்பதைப் பத்து இருபது தடவை செய்தால்தான் பிடிப்பு வரும்.