சாமியைத் திட்டலாமா?

திருவொற்றியூரில் தேவார வகுப்பு எடுக்கிறேன். கஷ்ட காலத்தில் சாமியை நம்புவது பற்றி வந்த கேள்விகளுக்கு, தெரிந்த வரைக்கும் பதில்.

எண்ணூரிலிருந்து ஓர் அம்மா: 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து வலை, படகு எல்லாம் பாழ். கடன் இன்னும் தீரவில்லை. வடிவுடையம்மன் முன்னால் நின்று திட்டிவிட்டேன். பாவமா?

இல்லை அம்மா. அதே கோயிலில்தான் தேவாரம் பாடிய சுந்தரர், மகிழ மரத்தடியில், தான் மணந்த சங்கிலியாருக்கு, பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்தார். அப்புறம் திருவாரூர் ஞாபகம் வந்து ஊர் எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போயின. தப்பு அவருடையது. உங்கள் மேல் அந்தத் தப்பும் கிடையாது. ஆனாலும் அவர் வாயை மூடவில்லை. திருவெண்பாக்கத்தில் நின்று, கோயிலில் இருக்கிறாயா என்று கேட்டார். 'உளோம் போகீர்' (இருக்கிறோம், போம்) என்று பதில் வந்தது, கூடவே ஓர் ஊன்றுகோல். கண் வரவில்லை. (அந்தப் பழைய தலம் இப்போது பூண்டி ஏரிக்குள் இருக்கிறது, கோயிலை வேறு இடத்தில் கட்டியிருக்கிறார்கள்.) கோலை ஊன்றியே காஞ்சிக்கு நடந்தார், இடக்கண் வந்தது. வலக்கண்ணுக்கு ஆரூர் வரை போகவேண்டியிருந்தது. அங்கேயும் 'வாழ்ந்து போதீரே' (நீரே நன்றாக வாழ்ந்து போம்) என்று சண்டை போட்டுத்தான் பாடினார். இருக்கிறார் என்று நம்புகிறவர்தான் அம்மா முகத்துக்கு நேரே கேட்பார். இன்றைக்கு உங்கள் கைக்கு எட்டும் கோல் எது? மகளிர் குழுவா, தவணை தள்ளிக் கேட்பதா? அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கடன் தீர என்ன பரிகாரம்?

அது என் துறை இல்லை. பரிகாரத்துக்குப் பணம் கேட்பவரிடம் போகாதீர்கள்.

சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டுத் திருநீறே போதும் என்கிறார் அப்பா.

திருநீறு பூசுங்கள், மாத்திரையும் கொடுங்கள். நாளைக் காலையிலேயே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

வேலை போய்விட்டது, எத்தனை விளக்கு ஏற்றவேண்டும்?

ஒன்று போதும் தம்பி. மறுபடியும் சொல்கிறேன், யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

வண்ணாரப்பேட்டை ஐயா ஒருவர்: சுந்தரர் தம்பிரான் தோழர், சிவனுக்கே நண்பர். நாம் திட்டினால் அகங்காரம். தப்பாக வழிகாட்டுகிறீர்கள்.

ஐயா, அந்தத் தோழமையை யார் தொடங்கினார்? சுந்தரரின் கல்யாணப் பந்தலில், இவன் என் அடிமை என்று ஓலையைக் காட்டி வழக்காடி இழுத்துப் போனவர் சாமி. 'பித்தன்' என்று ஏசிய வாயாலேயே பாடச் சொன்னவரும் அவர்தான்.

அதே ஐயா: அது அருளாளருக்கு. சாதாரண ஜனங்களுக்குமா?

வெள்ளிக்கிழமை அம்மன் சன்னதிக்கு வாருங்கள். மீன் கூடையை வெளியே வைத்துவிட்டு ஓர் ஆயா வரும். தூணில் சாய்ந்து, "என்னடி பாத்துக்கினே கீற?" என்று கேட்கும். அழும். போகும்போது மகிழ மரத்தடியில் குனிந்து, உதிர்ந்த பூவை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொள்ளும். அதனிடம் போய் அகங்காரம் என்று சொல்ல என்னால் முடியாது ஐயா.

எந்தக் கிழமை விரதம் இருந்தால்...

மேலே படியுங்கள்.